சடையாண்டி மழைக்குச் சுருதி சேர்த்தது

முன்னொரு காலத்தில், ராஜாவுக்கு வேர்த்தால் ராஜ்யத்துக்கே தலைவலி வந்துகொண்டிருந்த காலத்தில், கீர்த்திகேசரி என்று ஒரு மகாராஜா இருந்தார். நல்லவர்தான். சங்கீதம் என்றால் உயிர். காது மட்டும் கொஞ்சம் போதாது. பாடுகிறவர் நடுவில் தும்மினால்கூட அதையும் ஒரு சங்கதி என்று நினைத்து, "பலே!" என்று தொடையைத் தட்டிவிடுவார். ராஜாவுக்குக் காது போதாது என்பது அந்த ராஜ்யத்தில் கைக்குழந்தைக்கும் தெரிந்த விஷயம். அது யாருக்கும் தெரியாது என்று ராஜா நினைத்துக்கொண்டிருந்தார்.

அவருடைய ஆஸ்தான வித்வான் வேதாசல பாகவதர். பாகவதருடைய பாட்டைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இன்னொருத்தர் தம்பூராவில் சுருதி சேர்ந்துவிட்டது என்று அவர் வாயால் சொல்லி யாரும் கேட்டதில்லை. வெளியூர் வித்வான் யாராவது சபையில் பாட வந்தால் பாகவதர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். "இன்னும் ஒரு மயிரிழை" என்பார். வந்தவர் தந்தியை இறுக்கும் பிருடையை முறுக்குவார். "ஏறிவிட்டது" என்பார். தளர்த்துவார். "இறங்கிவிட்டது" என்பார். பொழுது சாய்ந்ததும் வந்தவர் தம்பூராவுக்கு உறையைப் போட்டுக்கொண்டு, பாடாமலே ஊர் போய்ச் சேருவார்.

இந்தச் சௌகரியத்துக்காகவே பாகவதர் ராஜாவிடம் சொல்லி ஒரு சட்டமும் போட வைத்திருந்தார். சபையில் சுருதி சேர்க்கும்போது ராஜா உட்பட யாரும் வாய் திறக்கக் கூடாது. சேர்க்கிறவர் 'சேர்ந்ததா?' என்று கேட்கலாம். ஆஸ்தான வித்வான் பதில் சொல்லலாம். அவர் 'சேர்ந்தது' என்று சொல்லும்வரை பாட்டு ஆரம்பிக்கக் கூடாது; வேறு காரியமும் நடக்கக் கூடாது. தனக்குக் காது உண்டு என்று உலகத்துக்குக் காட்ட இதைவிட நல்ல சட்டம் கிடைக்காது என்று ராஜாவும் முத்திரை வைத்துவிட்டார்.

அந்தச் சபையில் விகடகவியாக இருந்தவன் சடையாண்டி. ராஜாவைச் சிரிக்க வைப்பது அவன் உத்தியோகம். பாகவதர் கண்ணை மூடி உருகிக்கொண்டிருக்கும்போது இவன் ராஜா காதில் எதையாவது சொல்ல, ராஜா வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குவார். பாகவதர் இதைப் பொறுத்துக்கொண்டிருந்தாலும் இருந்திருப்பார். ஆனால் சடையாண்டி வீட்டுக் கிணறு தித்திப்பு. பாகவதர் வீட்டுக் கிணறு உப்பு. ஒரே தெருவில் இரண்டு கிணறுகள் இப்படி இருப்பதை எந்த வித்வானால் பொறுக்க முடியும்?

அந்த வருஷம் ஆனி மாசம் அடித்த வெயிலைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். அரண்மனைக் குளத்து மீன்கள் கரையேறி அரசமரத்து நிழலில் ஒதுங்கி நின்றன. நாலு பேர் விசிறியும் ராஜாவுக்கு வேர்வை நிற்கவில்லை. விசிறியவர்களுக்கு வேர்த்ததுதான் மிச்சம்.

"பாகவதரே," என்றார் ராஜா. "சென்ற ஐப்பசியில் நீர் அமிர்தவர்ஷிணி ராகம் பாடினீர், மழை கொட்டியது. நினைவிருக்கிறதா?"

"மறக்கக் கூடியதா மகாராஜா? பந்தலே ஒழுகிற்று. தாங்களும் மகிழ்ந்து அடியேன் கையில் தங்கத் தோடா பூட்டினீர்கள்."

"அதே ராகத்தை இப்போது பாடும். நமக்கு மழை வேண்டும்."

பாகவதர் ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தார். கழுவித் துடைத்த வெண்கலத் தாம்பாளம் மாதிரி இருந்தது. அப்படியே திரும்பிப் பிரதானியைப் பார்த்தார். பிரதானி என்றால் ராஜாவுக்கு அடுத்த அதிகாரி. புது வரி போடுவதில் சமர்த்தர். அவர் கொண்டுவந்த வரிகளையெல்லாம் சடையாண்டி சிரித்தே கலைத்துக்கொண்டிருந்ததால், அவருக்கும் அவனைக் கண்டால் ஆகாது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"மகாராஜா மன்னிக்க வேண்டும். அதற்கு ஒரு தடை இருக்கிறது. அன்று மழை கொட்டியபோது விகடகவி ஒரு வார்த்தை சொன்னார். 'ஐப்பசி மாசத்தில் என் வீட்டு எருமை கத்தினாலும் மழை வரும்' என்று. ராக தேவதை மனம் நொந்துபோயிருக்கிறாள். நிந்தித்த வாய் எதுவோ அதே வாய் பாடினால்தான் அவள் இரங்குவாள். அதுவரை யார் பாடினாலும் ஒரு துளி விழாது. சாஸ்திரம் அப்படி."

"எந்தச் சாஸ்திரம்?" என்று கேட்டான் சடையாண்டி.

"சொன்னால் உமக்குப் புரியாது."

ராஜா திரும்பினார். "சடையாண்டி, நீர் அப்படிச் சொன்னது உண்டா?"

"உண்டு மகாராஜா. எருமையும் மறுக்காது."

வேறொரு நாளாக இருந்தால் ராஜா சிரித்திருப்பார். அன்று சிரிப்பதற்குக்கூட அவருக்கு உடம்பில் ஈரம் இல்லை. "அப்படியானால் நீரே பாடும்! உமது பாட்டு முடிவதற்குள் மழை வர வேண்டும். வராவிட்டால் பெண்டாட்டியை அழைத்துக்கொண்டு நமது எல்லையைத் தாண்டிவிடும். உமது வீடு பாகவதருக்கு."

"கிணற்றோடுதானே மகாராஜா?" என்று பாகவதர் சந்தேகம் கேட்டுக்கொண்டார்.

சடையாண்டிக்குப் பாட்டு வராது. அவன் தாலாட்டுப் பாடினால் தூங்குகிற குழந்தை எழுந்து உட்கார்ந்துகொள்ளும். ஆனாலும் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு கும்பிட்டான்.

"உத்தரவு மகாராஜா. ஒரே விண்ணப்பம். சபை வழக்கப்படி பாட வேண்டுமா, அல்லது அடியேன் இஷ்டத்துக்குக் கத்தலாமா?"

ராஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நமது சபையில் வழக்கம் தப்பி ஒரு ஸ்வரம் எழும்புமா? நாளைக் காலையில் தம்பூராவோடு வாரும்!"

சடையாண்டி ஒரு தம்பூராவை இரவல் வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். அவன் மனைவி மரகதம் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள். அரண்மனைச் சேதி அவனுக்கு முன்னால் தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது.

"அதைத் தலைகீழாப் புடிச்சிருக்கீங்க," என்றாள்.

"அப்படியா?" என்று திருப்பிப் பிடித்தான்.

"உங்க வாய் இருக்கே, அதை வெச்சுக்கிட்டு நாம எந்த ஊருலயும் குடியிருக்க முடியாது. எருமையை எதுக்குங்க சபைக்குள்ள இழுத்தீங்க?"

"வந்துடுச்சு புள்ள."

"சரி, நான் ஒண்ணு கேக்குறேன். பாட்டுப் பாடி மழையையே வரவழைக்கிற மனுசனுக்கு நம்ம கிணறு எதுக்காம்?"

சடையாண்டி தம்பூராவைச் சுவரில் சாத்தினான். "இதை நான் சபையில கேட்டிருக்கணும். தோணாமப் போச்சு."

"தோணாதே! கிணத்தடியில நிக்கிறவளுக்குத்தான் தோணும். நெசமாவே பாடப் போறீங்களா?"

"ராஜா உத்தரவு. பாடாம முடியுமா?"

"எப்போ?"

"பாகவதர் சுருதி சேர்ந்துடுச்சுன்னு சொன்ன உடனே."

மரகதம் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "அவரு எவனுக்குச் சொல்லியிருக்காரு?" என்றாள். சொன்ன பிறகுதான் அவளுக்கே விஷயம் பிடிபட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்ச் சோற்றை எடுத்து வைத்தாள். மூட்டை கட்டுவதற்காக இறக்கி வைத்திருந்த பாத்திரங்களையும் பரணில் திரும்ப ஏற்றிவிட்டாள்.

மறுநாள் சபை கூடியது. சடையாண்டி ஜமக்காளத்தில் உட்கார்ந்து தம்பூராவை மீட்டினான். சட்டப்படி சபை வாயை மூடியது. பாகவதர் பழக்கப்படி கண்ணை மூடினார்.

"ஐயா, சேர்ந்ததா?" என்று சடையாண்டி பவ்யமாகக் கேட்டான்.

சரி என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கிணறும் பாகவதருக்குப் போயிருக்கும். ஆனால் ஒரு ஆயுசு முழுக்க வளர்ந்த பழக்கம் ஒரு கிணற்றுக்காக நின்றுவிடுமா? "கந்தர்வன் காதில் விழுந்தால் அழுவான்," என்றார் பாகவதர். "பஞ்சமம் இன்னும் ஒரு மயிரிழை."

ராஜாவும் தமக்கும் அந்த மயிரிழை கேட்டதுபோல முகத்தைச் சுளித்துக்கொண்டார்.

சடையாண்டி முறுக்கினான். ஏறிவிட்டது. தளர்த்தினான். இறங்கிவிட்டது. விளக்கு வைக்கும் நேரத்தில் சபை கலைந்தது. மறுநாள் விட்ட இடத்தில் தொடங்கியது.

இப்படியே ஆனி போயிற்று. ஆடியும் போயிற்று. சபையில் எல்லோரும் சைகையால் பேசக் கற்றுக்கொண்டார்கள். கொட்டாவியைக்கூடச் சத்தமில்லாமல் விடப் பழகினார்கள். பிரதானி நெசவுத் தறிக்கு ஒரு வரி கொண்டுவந்திருந்தார். சபையில் உரக்கப் படித்தால்தான் வரி செல்லும். சுருதி சேராமல் எங்கே படிப்பது? தினமும் ஓலையைக் கொண்டுவருவார், மடியில் வைத்துக்கொள்வார், கொண்டுபோவார். பக்கத்து நாட்டு ராஜா யுத்த அறிவிப்போடு ஒரு தூதனை அனுப்பினார். அவன் வாயைத் திறந்தான். வாயிற்காவலர்கள் உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்கள். உட்கார்ந்தான். தம்பூரா நாதத்தில் அப்படியே தூங்கிப்போனான். எழுந்தபோது எதற்காக வந்தோம் என்பது மறந்துவிட்டது. ஒரு தாம்பாளம் பழத்தை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போனான். யுத்தம் வரவில்லை. ஒருவர் மேல் ஒருவர் கோள் சொல்ல வழியில்லாததால் அரசாங்கம் வெகு ஒழுங்காக நடந்தது.

ஆவணியும் கழிந்து புரட்டாசி பாதி ஆனபோதுதான் பிரதானிக்கு உறைத்தது. பாகவதரை அவர் வீட்டிலேயே போய்ப் பிடித்தார்.

"ஓய், வானத்தைப் பார்த்தீரா? தெற்கே மேகம் கூடுகிறது. இன்னும் நீர் மயிரிழை பார்த்துக்கொண்டிருந்தால் ஐப்பசி வந்துவிடும். நாளைக்கு அவன் எப்படி மீட்டினாலும் 'சேர்ந்தது' என்று சொல்லித் தொலையும்! அவன் பாடட்டும், மழை வராமல் போகட்டும், வீடு உமக்கு வரட்டும்."

பாகவதருக்கு அது கசப்பு மருந்து குடிப்பதுபோல இருந்தது. ஆனாலும் சம்மதித்தார்.

அன்று சாயங்காலம் பாகவதர் வீட்டு அம்மாள் வழக்கம்போலச் சடையாண்டி வீட்டுக் கிணற்றில் தண்ணீர் எடுக்க வந்தாள். பாகவதர் குடிப்பது, குளிப்பது எல்லாமே அந்தத் தண்ணீரில்தான். எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்பதில்லை.

"மரகதம், ஒனக்குச் சொல்லாம இருக்க முடியலைடி," என்றாள் அம்மாள், மரகதம் இறைத்த தண்ணீருக்குக் குடத்தைப் பிடித்துக்கொண்டே. "நாளைக்கு எங்காத்துக்காரர் 'சேர்ந்தது'ன்னு சொல்லப் போறாராம். பிரதானி வந்து மணிக்கணக்கா உக்காந்து சொல்லிக் குடுத்துட்டுப் போறார். கல்யாணமாகி இத்தனை வருஷத்துல நான் வெச்ச ரசத்தையே சேர்ந்துதுன்னு சொன்னதில்லை அந்த மனுஷர்!"

"அப்போ இந்தக் கிணறு உங்களுக்கு வந்துடும்னு சொல்லுங்க."

"வந்து? இப்போ நீ எறைச்சுக் குடுக்கறே. அப்புறம் நான்தானே எறைக்கணும்?"

விஷயம் சடையாண்டி காதுக்குப் போனது. அவன் தம்பூராவைத் தூக்கி வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் வேலை பார்த்தான். பிறகு நன்றாகத் தூங்கினான்.

மறுநாள் சபையில் தம்பூராவின் உறையைக் கழற்றி மீட்டினான். பாகவதர் பழக்கத்தால் கண்ணை மூடியிருந்தார். தீர்மானத்தோடு வந்தவர் காதையும் மூடியிருக்க வேண்டும். தம்பூராவிலிருந்து 'தொப்' என்று, ஈரத்துணி கல்லில் விழுந்ததுபோல ஒரு சத்தம் வந்தது.

"ஐயா, சேர்ந்ததா?"

"சேர்ந்தது!" என்று கூவினார் பாகவதர். "திவ்வியமாகச் சேர்ந்தது! இப்படி ஒரு சுருதியை நான் கேட்டதே இல்லை. பாடும்!"

ராஜாவுக்கே பொறுக்கவில்லை. 'சேர்ந்தது' என்றாகிவிட்டதால் சட்டமும் தடுக்கவில்லை; வாயைத் திறந்தார். "பாகவதரே... எனக்கே சேராததுபோலப் படுகிறதே?"

பாகவதர் கண்ணைத் திறந்தார். தம்பூராவில் நாலு தந்திகளும் பூசணிக்கொடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தன.

சடையாண்டி கைகூப்பினான். "அடியேன் இன்று இன்னும் பிருடையைத் தொடவே இல்லை மகாராஜா. ஆனால் ஆஸ்தான வித்வான் ஒப்புக்கொண்டபின் மேல்முறையீடு ஏது? இனி நமது சபைக்கு இதுதான் சுருதி, வெளியூர் வித்வான்கள் எல்லோரும் இதற்குத்தான் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்று பாகவதர் ஒரு வார்த்தை சொல்லட்டும். அடியேன் பாடத் தயார்."

"இல்லை! இல்லை! சேரவில்லை!" என்று பாகவதர் பதறினார். "எங்கே சேர்ந்தது? கிட்டக்கூட இல்லை!"

பிரதானி நெற்றியில் அடித்துக்கொண்டார். சட்டத்துக்குப் பயந்து சத்தமில்லாமல்தான் அடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகு பாகவதர் எச்சரிக்கையாகிவிட்டார். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே, "சேரவில்லை" என்றார். சில நாள் சடையாண்டி கேட்பதற்கு முன்பே சொன்னார். உண்மையில் சில நாள் நன்றாகவே சேர்ந்திருந்தது. மாசக்கணக்கில் முறுக்கினால் யாருக்குத்தான் கை வராது? அதையும் பாகவதர் நம்பவில்லை.

ஐப்பசி பிறந்தது. ஒரு நாள் காலையில் சபை இருண்டது. விளக்கேற்றச் சைகை காட்டினார்கள். ஜன்னல் வழியாகக் குளிர்ந்த காற்று வந்து ராஜாவின் மேலாடையைத் தூக்கியது. தூரத்தில் யாரோ நெல்லை முறத்தில் கொட்டுவதுபோலச் சத்தம் கேட்டது. அது கிட்டே வந்தது. கோட்டைச் சுவரைத் தாண்டியது. அரண்மனைக் கூரைமேல் ஏறியது. அப்புறம் நிற்கவே இல்லை. ஓட்டில் இருந்த ஒரு விரிசல் வழியாகப் பாகவதர் உச்சந்தலையில் சரியாக ஒரு சொட்டு விழுந்தது.

சடையாண்டி தந்தியிலிருந்து கையை எடுத்தான்.

"மகாராஜா, உத்தரவு நிறைவேறியது. பாட்டு முடிவதற்குள் மழை வர வேண்டும் என்பது கட்டளை. மழை வந்துவிட்டது. பாட்டு முடியவில்லை என்பதற்குச் சபையே சாட்சி, ஆரம்பிக்கவே இல்லை. அடியேன் வீடு அடியேனுக்குத்தானே?"

"அநியாயம்!" பாகவதர் எழுந்தே விட்டார். "மகாராஜா, இவன் கொண்டுவந்த மழையா இது? இது ஐப்பசி! ஐப்பசியில் யார் என்ன செய்தாலும் மழை வரும்! கழுதை கத்தினாலும் வரும்!"

சபையில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது.

"அடியேன் எருமை என்றுதான் சொன்னேன்," என்றான் சடையாண்டி. "கழுதையும் போதும் என்பது எனக்குத் தெரியாது."

ராஜா பாகவதரைப் பார்த்தார். அவர் கையில் மின்னிய தோடாவைப் பார்த்தார். மீசை முதலில் துடித்தது. பிறகு வயிறு குலுங்கியது. அப்புறம் சிம்மாசனமே ஆடும்படி சிரித்தார். மாசக்கணக்கில் வாயை மூடிக்கொண்டிருந்த சபை அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டது. சிரிப்பில் இன்னும் இரண்டு ஓடுகள் பெயர்ந்து விழுந்தன.

பிரதானி மட்டும் சிரிக்கவில்லை. "மகாராஜா, இவர் பாட வேண்டும் என்பது தங்கள் வாக்கு. மழை வந்தாலும் வாக்கு வாக்குத்தான். பாடட்டும்!"

"இதோ," என்று சடையாண்டி சம்மணத்தைச் சரிசெய்துகொண்டான். "வெறும் சுருதிக்கே இந்த மழை. பாட்டும் சேர்ந்தால் பெரிய ஏரியின் கரை தாங்கும் என்று பிரதானி பொறுப்பேற்றுக்கொண்டால், அடியேன் இப்போதே தொடங்குகிறேன்."

பெரிய ஏரிக்குக் கீழேதான் பிரதானியின் வயல், வீடு எல்லாம் இருந்தன. அவர் ஓலையைச் சுருட்டி இடுப்பில் செருகிக்கொண்டு, தமக்கும் இந்த விஷயத்துக்கும் சம்பந்தம் இல்லாததுபோலத் தூணைப் பார்த்தார்.

"வேண்டாமய்யா, வேண்டாம்!" என்றார் ராஜா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "வீடும் கிணறும் உம்முடையவை. உமது பரம்பரைக்கே உரியவை. பாகவதரே, அந்தத் தோடாவைக் கழற்றி இவர் கையில் பூட்டும். நீர் ஐப்பசியில் பாடி வாங்கினீர். இவர் பாடாமலே வாங்குகிறார்." பிறகு குரலைத் தாழ்த்தினார். "சடையாண்டி, உண்மையைச் சொல்கிறேன். இந்தச் சில மாதங்களைப்போல நான் நிம்மதியாக இருந்ததில்லை. இனிமேல் பிரதானி புது வரி என்று ஓலையோடு வருகிற நாளிலெல்லாம், நீர் தம்பூராவோடு வந்துவிட வேண்டும்."

தறிகளுக்கு அந்த வரி கடைசிவரை வரவேயில்லை.

சடையாண்டி நனைந்துகொண்டே வீட்டுக்குப் போனான். மரகதம் தோடாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அவன் தலையைத் துவட்டிவிட்டாள். பிறகு கொஞ்சம் ஆசையாகக் கேட்டாள்.

"இத்தனை மாசம் மீட்டினீங்களே, எனக்காக ஒரே ஒரு வரி பாடுங்களேன். நான் கேட்டதே இல்ல."

"சபைக்கு வெளியே தடை ஒண்ணும் இல்ல," என்று சடையாண்டி தொண்டையைச் சரிசெய்துகொண்டு, அமிர்தவர்ஷிணி என்று தான் நினைத்த ஒன்றை நாலு தெரு கேட்கும்படி எடுத்தான்.

ஓட்டின்மேல் விழுந்துகொண்டிருந்த சத்தம் நின்றது. மரகதம் வாசற்படியில் போய் நின்று வானத்தைப் பார்த்தாள். மேகம் விலகிச் சுள்ளென்று வெயில் அடித்தது.

"போதுங்க," என்றாள் அவள். "சம்பா நடவு இன்னும் முடியல."

சடையாண்டி வாயை மூடினான். கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, மழை மறுபடி ஆரம்பித்தது.